தீர்ப்பு வெல்லம்

மழை தவறாது பொழிக. கானல் நாட்டுத் துறைகளில் கலங்கள் பழுதின்றி வந்தடைக. அந்நாடாளும் பேரரசியார், எம் மன்னரின் உடன்பிறந்த தங்கையார், ஆழிநங்கை தேவியார் நீடு வாழ்க. தேவியாரின் திருமுன்பு, தண்புனல் நாட்டு முதலமைச்சன் கண்டன் சேந்தன் வணங்கி விடுக்கும் ஓலை. தாங்களும் தங்கள் மக்களும் நலம் என்று கேட்டு மகிழ்ந்தோம். இங்கும் நலமே என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அறுபத்திரண்டு திருவயது நிறைந்த எம் கோமான் கொற்றவேள் நாளுக்கு நாள் மெலிந்து வருகிறார். முன்னினும் இருமடங்கு உண்கிறார். ஆயினும் தோள்வளை முழங்கைக்கு நழுவுகிறது. நான்கு படி ஏறியதும் நின்று, மூச்சு வாங்குவதை மறைக்கச் சுவரோவியத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார். முப்பது ஆண்டாக அதே சுவரில் இருக்கும் ஓவியம் அது.

அரண்மனை மருத்துவர் ஆதன் கீரனார், மன்னரின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு, இது மதுமேகம் என்று உறுதி செய்தார். உண்ட உணவின் இனிப்பு தசைக்குச் சேராமல் குருதியிலேயே தங்குவதால், வயிறு நிறைந்திருக்கையிலேயே உடல் பட்டினி கிடக்கிறதாம். அவ்வினிப்பு ஆண்டுக்கணக்கில் ஓடிக் குருதிக் குழாய்களைத் தடிக்கச் செய்ய, இதயமும் விறைத்து, விரிந்து கொடுக்க மறுக்கிறதாம். மன்னருக்கு அறுபத்திரண்டு, அவர் இதயத்துக்கோ எண்பது என்று கீரனார் உரைத்தார். நரம்புகளும் மரத்துவிட்டபடியால் இதயம் துன்புறுவது அவருக்கே தெரிவதில்லை. சென்ற திங்கள் அவையில் வியர்த்துச் சாய்ந்தார். அன்று இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது என்கிறார் மருத்துவர். மன்னரோ, வலிக்கவே இல்லை, எல்லாம் வெயிலின் கொடுமை என்று கூறி, மறுநாள் காலையிலேயே அவைக்கு வந்துவிட்டார்.

எம் நாட்டு வழக்கம் தாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டு வழக்கம். வேண்டி வந்தவருக்கு மன்னர் வாக்களித்தால், அவர் கொண்டுவந்த வெல்லத்தில் ஒரு துண்டை அவர் கண்முன் உண்ண வேண்டும். இதுவே தீர்ப்பு வெல்லம். உண்ணாத வாக்கை எந்த அரச ஏவலனும் நிறைவேற்ற மாட்டான். தங்கள் பாட்டனார் காலத்தில் திங்களுக்குப் பத்துப் பேர் வந்தாலே பெரிது. தங்கள் தமையனார் யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர் என்று ஊர் அறிந்தபின், நாளொன்றுக்கு நாற்பது பேர் நிற்கிறார்கள். அவருடைய நல்ல குணமே அவரைக் கொல்கிறது என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

மன்னரிடம், தங்களுக்குப் பதிலாக இளவரசர் உண்ணட்டுமே என்றேன். வாக்களித்த நாவே உண்ண வேண்டும் என்று மறுத்தார். ஒருநாள் வெல்லத்துக்குப் பதிலாகப் புளியுருண்டையை மாற்றி வைத்தேன். முதல் பதினொருவர் வரை பேசாமல் விழுங்கியவர், புளிப்பை உணராத அளவுக்கு நாவும் மரத்திருந்ததைப் பன்னிரண்டாமவர் இது தம் வெல்லமன்று என்று சுட்டிய பிறகே அறிந்தார். அந்தப் பதினொருவரையும் திரும்ப அழைத்து, பதினொரு துண்டு உண்டார். என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

வேறு வழி காணாமல், நேற்று முன்தினம் நானே வெல்லத்தோடு மக்கள் வரிசையில் நின்றேன். முப்பத்தோராண்டு ஊழியத்தில் எதுவும் கேளாத அடியேனுக்கு ஒரே வரம், மன்னர் இனி வெல்லம் தொடலாகாது என்று வேண்டினேன். மன்னர், அவ்வாறே ஆகுக என்று என் வெல்லத்தை உண்டார். அவை நடுவே நான் அழுதுவிட்டேன்.

எனக்கு அடுத்து நின்றவள் நீலி என்னும் கொல்லன் மனைவி. அவள் கணவனுக்கு மறுநாள் கொலைத்தண்டம். அவன் குற்றமற்றவன் என்று அவையே ஒப்பியது. மன்னரும் அவ்வாறே உரைத்தார். ஆனால் உண்ணவில்லை, எனக்களித்த வாக்கு அவரைக் கட்டியிருந்தது. அவள் ஏந்திய வெல்லம் அவள் கையிலேயே கசிந்தது. வாக்கைப் பெற்றவன் விடுவித்தாலன்றி மன்னர் வாக்கு நீங்காது. மன்னர் எனக்குக் கட்டளையிடவில்லை, கெஞ்சவுமில்லை. அவள் மட்டும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

விடுவித்தேன், தேவி. மன்னர் உண்டார். கொல்லன் வீடு திரும்பினான். அன்று அவளுக்குப் பின்னும் இருபத்தாறு பேரின் வெல்லத்தை மன்னர் உண்டார்.

கீரனார் இன்னும் ஓராண்டு என்று நாள் குறித்துவிட்டார். நிறுத்தினால் சில ஆண்டு கூடலாமாம். விடுவித்த வரத்தை அதே ஆள் மீண்டும் கேட்க முறையில்லை. இனி அதைக் கேட்கும் உரிமையும் உறுதியும் உடையவர் தாங்கள் ஒருவரே. இவ்வோலையை மன்னர் அறியார். ஆதலால் அரச இலச்சினை இன்றி, என் கணையாழியே பொறித்து விடுத்தேன். கொண்டு வரும் தூதன் தேவியார் கையிலன்றி வேறெவர் கையிலும் இதனைக் கொடாதிருக்கக் கட்டளை.

தேவியார் விரைந்து எழுந்தருள்க. வெல்லம் கொண்டு வருக. எவ்வளவு சிறிதாக இயலுமோ அவ்வளவு சிறிதாக. வரம் பெற்றபின், தங்களுக்கு அடுத்து நிற்பவரின் முகத்தை மட்டும் பாராதீர்கள்.