சம்பந்தி உரித்துக் கொடுத்த வெள்ளை மாத்திரை

அனுப்புநர்:
டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி
(மகளின் வாழ்க்கையை முன்னிட்டுப் பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்:
மருந்து ஆய்வாளர் அவர்கள்,
மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம்

பொருள்: வலி, வீக்க மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து, பெயர் தெரியாமல் கவரில் போட்டு விற்கும் மருந்துக்கடை மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் ஒரு புது வீட்டுக் குளியலறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது மயங்கி, ஈரச் சிமெண்டில் முகம் குப்புற விழுந்தேன். என் மூக்கும் ஒரு கன்னமும் தெளிவாகப் பதிந்துவிட்டதால் அந்த இடத்தைக் கொத்தியெடுத்து மறுபடி பூச வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே மலம் தார்போலக் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. தங்களுக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வீட்டிலும் வெட்கப்பட்டே சொல்லாமல் இருந்தேன்.

2. மருத்துவமனையில் வயிற்றில் புண், ரத்தக்கசிவு என்றார்கள். முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். "வெள்ளையா, உருண்டையா இருக்கும் சார்" என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது. கொடுப்பவர் மருந்துக்கடை வைத்திருக்கும் என் மகளின் மாமனார். அட்டையிலிருந்து உரித்து, 'காலை, இரவு' என்று கவரில் எழுதித் தருவார். பெயர் இருக்காது, ரசீதும் கிடையாது. வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானோ டீயை மட்டும் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவன். போதாக்குறைக்கு, தலைவலிக்கு வேறு கடையில் நானாக வாங்கிப் போட்டதும் அதே வகை மாத்திரைதானாம். ஒட்டிய டைல்ஸ்மேலேயே இன்னொரு டைல்ஸை ஒட்டியிருக்கிறேன்.

3. "வீட்டுல வேற யாராவது இதைப் போடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டதும்தான் எனக்குப் பகீரென்றது. என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. போனில் கேட்டேன். "ஆமாப்பா, இடுப்பு வலிக்கு மாமாதான் தர்றாரு. போட்டாத்தான் தூங்க முடியுது" என்றாள். ஸ்கேனில் குழந்தையைச் சுற்றியுள்ள நீர் குறைந்திருந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு இவ்வகை மாத்திரை வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று விளக்கினார்கள். உடனே நிறுத்திவிட்டோம். நீர் மெல்ல ஏறுகிறது. முழுதாகச் சரியாகும் என்று இன்னும் யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

4. தெரியாமல் கொடுத்துவிட்டார் என்று நம்பித்தான் சம்பந்தியின் கடைக்குப் போனேன். அவர் சிரித்தார். "அட்டையில ஆயிரம் எழுதியிருப்பான் சம்பந்தி. அதையெல்லாம் படிச்சா எவன் மாத்திரை போடுவான்? பேரு தெரிஞ்சா அடுத்த தடவை வேற கடைக்கில்ல போயிடுவான்." பேசிக்கொண்டே, வந்து நின்ற முதியவர் ஒருவருக்கு அதே வெள்ளை மாத்திரையை உரித்துப் போட்டார். ஆக, அட்டையை அவர் படித்திருக்கிறார், ஐயா. படித்துவிட்டுத்தான் தன் பேரக்குழந்தையைச் சுமப்பவளுக்கும் கொடுத்திருக்கிறார்.

5. மகளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மருமகன் தினமும் வந்து அவளைப் பார்க்கிறார். நான் கதவைத் திறந்துவிட்டால் கதவைப் பார்க்கிறார். "எழுதுங்க, வேணாங்கல. ஆனா வீட்டுக் கதையெல்லாம் எழுதாதீங்க" என்றாள் என் மனைவி. எழுதிவிட்டேன், பொறுத்தருள்க.

6. கடையை மூடச் சொல்லவில்லை. மருத்துவர் சீட்டின்றி இம்மாத்திரைகளை விற்காதிருக்கவும், பெயர் தெரியும் அட்டையோடும் ரசீதோடும் கொடுக்கவும், வயிற்றுப்புண், இதயநோய், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் உண்டா என்று விசாரிக்கவும் கண்டிப்பாக உத்தரவிட வேண்டுகிறேன். அந்த முதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்காகவாவது விரைந்து வாருங்கள். கடையின் முகவரி, மருத்துவமனைச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, மீதி மாத்திரையுள்ள கவர் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

7. அன்று கடையிலிருந்து கிளம்பும்போது சம்பந்தி, "என்ன மாத்திரைன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். நான் படியிறங்கிவிட்டேன். பெற்ற பெண்ணையே அவர் வீட்டில் கொடுத்தவன், ஒரு மாத்திரையின் பெயரையா கேட்பான்?

நாள்: 14-ஆம் தேதி, திங்கட்கிழமை
இடம்: மனுதாரர் இல்லம்

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்
(கையொப்பம்)