ரங்கூன் குமாஸ்தாவின் நகங்கள்

மாசி 14, வெள்ளிக்கிழமை.

என் மனைவி தனத்தின் தம்பி முருகேசன் ரங்கூனிலிருந்து வந்திருக்கிறான். அங்கே தோல் மண்டியில் குமாஸ்தாவாம். வந்ததும் நாற்காலி கேட்டான். எங்கள் வீட்டில் ஏது நாற்காலி? பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இன்னா மாமா, இன்னமும் சுண்ணாம்புக் குழியிலதான் நிக்கறியா? நாத்தம் கொடலப் புரட்டுது."

பேரணாம்பட்டுத் தோல் பதனிடும் ஷாப்பில், மயிர் உதிரத் தோலை ஊறப்போடுகிற அந்தக் குழியில்தான் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

சாப்பிடக் கை கழுவினான். நகமெல்லாம் நுனி கரைந்திருந்தது. விரலிடுக்கில் வெள்ளை வெள்ளையாய் வெடிப்பு. பேனா பிடிக்கிற கைக்கு இதெல்லாம் வராது, சுண்ணாம்பு தின்ற கை அது. என் கையை எனக்குத் தெரியாதா? கடல் தாண்டிப் போய் அதே குழியில் இறங்கிவிட்டு, என்னிடம் வந்து மூக்கைப் பொத்துகிறான், அற்பப் பயல்! நான் பார்த்ததும் விரலைச் சோற்றுக்குள் புதைத்துக்கொண்டான்.

அவன் போனதும் தனத்திடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சோறு போட்டவ நானு. எனக்குத் தெரியாதா?" என்றாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள். "எங்கம்மாவுக்கு மாசாமாசம் பத்து ரூபா மணியார்டர் வருதே, அதுவும் பொய்யா?"

பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் என் முழுச் சம்பளமே பத்து ரூபாய்தான்.