வயோமிங்கின் இடம்

மச்சான்,

இன்று காலை வேலையில் ஒரு பெட்டி என் கைக்கு வந்தது. உள்ளே ஏதோ சமையலறைக் குழாய். மேலே ஒட்டியிருந்த முகவரியில் ஒஹாயோ என்று இருந்தது. கனடாவில், புவாண்ட்-கிளேரில் இருக்கும் இந்தக் களஞ்சியத்திலிருந்து ஒரு நாளைக்கு எத்தனையோ பெட்டிகள் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போகின்றன. நான் முகவரி பார்க்காமலே தள்ளிவிடுகிறவன்தான். இதை மட்டும் தள்ள மனம் வரவில்லை. பக்கத்தில் நின்றவர் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்த பிறகுதான் கையை எடுத்தேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் இப்படி வேலைக்கு நடுவில் வந்து நிற்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா?

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாம் இருவரும் வாடகைக்கு இருந்த அதே மூன்றாம் மாடியில்தான் இப்போதும் இருக்கிறேன். உன் அறையில் வேறொருவர் இருக்கிறார். நல்ல மனிதர், உன்னைப் போலக் குளியலறையில் பாடுவதில்லை. ஆனால் சனிக்கிழமை பதினொரு மணியானால் வீடு எனக்கு வெறுமையாக இருக்கிறது. அது உன் மகளுடைய நேரம்.

உன் மனைவி பிரிந்து, ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒஹாயோவுக்குப் போன வருடம் நீ பாதியாகிப் போனாய். ஒரு பகல் முழுக்கக் கார் ஓடினால் போய்விடக்கூடிய தூரம். ஆனால் உன் கையில் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. அமெரிக்க விசாவுக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாய். தொலைபேசியில் பேசலாம் என்றால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். சாப்பிட்டியோ, ஓம். படிச்சியோ, ஓம். பிறகு இருவரும் மூச்சு விடுவது மட்டும் கேட்கும்.

அப்போதுதான் அவளுடைய பள்ளிக்கூடம் அந்த இணையத்தளத்தைக் கொடுத்தது. அமெரிக்க வரலாறும் புவியியலும் விளையாடிப் படிக்கிற தளம். குடும்பத்தில் ஒருவரை, அவர் எங்கிருந்தாலும், சேர்த்துக்கொண்டு விளையாடினால் வகுப்பில் புள்ளி உண்டு. அவள் உன்னைச் சேர்த்துக்கொண்டாள். வெறும் வரைபடத்தில் ஐம்பது மாநிலங்களையும் இருவரும் மாறி மாறி ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். பிழையாக வைத்தால் டொங்கென்று துள்ளித் திரும்பி வரும். ஓரத்தில் எழுதிக் கதைக்க ஒரு சின்னக் கட்டம்.

மாட்டுவண்டி விளையாட்டும் ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? பழைய காலத்துக் குடும்பம் மேற்கு நோக்கிப் போகும். வண்டியில் என்ன ஏற்றுவது என்று நீ முடிவு செய்ய வேண்டும். நீ மாவும் மருந்தும் போர்வையும் ஏற்றுவாய். துப்பாக்கி ரவை மட்டும் வாங்க மாட்டாய். வேட்டையாட வழியில்லாமல் உன் குடும்பம் பாதி வழியில் பட்டினியில் கிடக்கும். மகள் அங்கே கோபித்துக்கொண்டு எழுதுவாள். “ரண்டு தரம் இடம்பெயர்ந்தனான், எனக்குத் தெரியாதோ என்னத்தைத் தூக்கிறதெண்டு?” என்று நீ என்னிடம் சண்டைக்கு வருவாய். பிறகு இருவரும் திரும்பவும் வரைபடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

அந்த வரைபடத்தில் நீ ஒரு மக்கு. கொலராடோவையும் வயோமிங்கையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாற்றி வைத்தாய். இரண்டும் பெட்டி மாதிரித்தானே இருக்கின்றன என்பது உன் நியாயம். “மேலே, அப்பா, இன்னும் மேலே” என்று அவள் எழுதி எழுதிக் களைத்துப்போவாள். அதே நேரத்தில் நீ கனேடியக் குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அந்தக் கடவுச்சீட்டு கிடைத்தால் விசா இல்லாமலே போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். கனடாவின் பத்து மாகாணங்களையும் சொல்லு பார்ப்போம் என்றால் ஏழோடு நின்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“அங்கையெல்லாம் எனக்கு ஆர் இருக்கினம் மச்சான்?” என்றாய். என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு சனிக்கிழமை உனக்கு மேலதிக வேலை வந்தது. “பிள்ளை பாத்துக்கொண்டிருப்பாள், எனக்குப் பதிலா நீ இரு. நானெண்டே நினைக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் உட்கார்ந்தேன். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பில் தொலைபேசியில் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து என் பங்கை ஒரு பிழையும் விடாமல் வைத்தேன். கொஞ்சம் போக அவளும் பிழை விடாமல் வைத்தாள்; பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. திரையில் வாணவேடிக்கை எல்லாம் வந்தது. ஓரத்துக் கட்டத்தில் அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்: நீங்கள் யார்? அப்பா எங்கே? நான் பதில் யோசிப்பதற்குள் போய்விட்டாள்.

நீ வந்து, கையுறையைக் கூடக் கழற்றாமல் கேட்டாய். பெருமையாகச் சொன்னேன். உன் முகம் கறுத்துப்போனது.

“ஏன்டா கெதியா முடிச்சனி?”

“சரியாத்தானே வைச்சனான்.”

“எனக்குச் சரியா வைக்கத் தெரியாதெண்டே நினைச்சனி? அம்பதும் பாடம். கண்ணை மூடிக்கொண்டு வைப்பன். பிழை விட்டாத்தானே மச்சான், பிள்ளை ஒரு மணித்தியாலம் என்னோட இருப்பாள்.”

பிறகு கட்டிலில் உட்கார்ந்து, மெல்லக் கேட்டாய். “அவள் எனக்காக வாறாளோ, இல்லாட்டி பள்ளிக்கூடத்துப் புள்ளிக்கு வாறாளோ, தெரியேல்லை.” எனக்கும் தெரியவில்லை. தேநீர் போட எழுந்து போய்விட்டேன். அதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

குடியுரிமைப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது, பேருந்துத் தரிப்பில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. பத்து மாகாணங்களையும் அதற்குள் தண்ணீர்போலச் சொல்லப் பழகியிருந்தாய்.

போன மாதம் உன் மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். பதினான்கு வயது. குரல் அப்படியே உன் குரல், மச்சான். தமிழும் ஆங்கிலமுமாக, சொற்களைத் தேடித் தேடிக் கதைத்தாள்.

“மாமா, நான் அப்பாக்கு ஒரு பொய் செய்தனான். ஆருக்கும் சொல்லேல்லை.”

“என்ன குஞ்சு?”

“அந்த மேப் எனக்கு முதல் மாசமே தெரியும். பிறகு எல்லாம் சும்மா பிழையா வைச்சனான். சரியா வைச்சா அப்பா பாய் சொல்லிப் போயிடுவார். ஸ்கூல்ல பொயின்ற்ஸ் முதல் வருசத்தோட நிப்பாட்டிட்டினம். அதையும் சொல்லேல்லை. அப்பாவை ஏமாத்தினது பிழையோ?”

உன் ஐம்பது மாநிலங்களையும், உன் வயோமிங்கையும், நீ அன்று என்மேல் பாய்ந்ததையும் அவளுக்கு ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு போகிற போக்கில் அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அவளுக்குச் சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்லத்தான் வழியில்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று கட்டிலில் இருந்து நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது, மச்சான். உனக்காகத்தான் வந்தாள். எல்லாச் சனிக்கிழமையும் உனக்காக மட்டும்தான் வந்தாள்.