ஐயாவு அண்ணனின் நாற்றங்கால்

மேரி அப்பாவுக்கு,

“அம்மா, மழை பேயுறப்ப இது யாரு வயலுன்னு சாமி பாப்பாரா?” என்று போன வருஷம் மேரி கேட்டாள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நேற்று, கூலிப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன ஐயாவு அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்ததும், “கொடி புடிச்சவன் நாத்து காஞ்சா நமக்கென்னடி?” என்றீர்கள். அப்புறம் செபமாலையை எடுத்தேன், மனம் ஒட்டவே இல்லை.

பூசைக்குப் போகிறேன். பழைய சோறும் நேற்றைய மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். மேரிக்குக் கஞ்சி கொடுங்கள்.

இன்னொன்று. மேரி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தன் முறைத் தண்ணீரை நம் நாற்றங்காலுக்குத் திருப்பிவிட்டவர் ஐயாவு அண்ணன்தான். அவர் மனைவி அம்சவல்லி வாய்தவறிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். இன்று தண்ணீர் நம் முறை. விடியுமுன் போய் அவர் பக்கத்து மடையைத் திறந்தேன். வெடித்த மண்ணில் தண்ணீர் பரவப் பரவ, வானமும் கூடவே வந்து இறங்கியது. கோயிலில்கூட ஆண்டவர் அவ்வளவு கிட்டத்தில் நின்றதில்லை.

கோபமிருந்தால் என்னைத் திட்டுங்கள், மடையை மட்டும் அடைக்காதீர்கள்.

அமலி

மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டேன். வரப்பில் யாரும் இல்லை. அம்சவல்லியிடம் சொல்ல வேண்டாம். அன்று ஐயாவு அண்ணனும் நம்மிடம் சொல்லிக்கொள்ளவில்லை.