இடப்பக்கம் துப்ப வேண்டிய கனவு

மச்சான், இன்று காலை என் தங்கச்சி, உன் பொஞ்சாதி, உன் தலையணையைத் தூக்கிக்கொண்டு நாம் தோல் பை தைக்கும் காரகானாவுக்கே வந்துவிட்டாள். ஓரத்தில் தையல் விட்டிருக்கிறதாம். "ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்கண்ணே, அவுக ஞாபகமா வச்சிக்கிடுதேன்" என்றாள். மிஷினில் வைத்ததும் உன் தலைவலித் தைலத்தின் வாடை குப்பென்று அடித்தது. நீ மவுத்தாகி மண்ணுக்குள் போய் ஆறு மாதம் ஆகிறது. தைலம் இன்னும் போகவில்லை. தோல் பைக்குப் போடும் தடித்த நூலாலேயே தைத்துக் கொடுத்தேன். உள்ளே கனவு ஏதாவது மிச்சம் இருந்தால் இனி வெளியே வரக்கூடாது.

தாராவியில் நம் சந்துக்கே நீதானே கனவு காண்கிறவன். மனசு குழம்பினால் இரண்டு ரக்அத் தொழுது, எது நல்லதோ அதை லேசாக்கு என்று அல்லாஹ்விடம் கேட்பதுதான் இஸ்திகாரா. காரியம் யாருடையதோ அவர் தொழ வேண்டும். நம் சந்தில் அது சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல் ஆகிவிட்டது. வீடு மாறுகிறவன், பெண் கொடுக்கிறவன், சவூதிக்குப் போகிறவன் எல்லோரும் உன்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நீ தூங்கி எழுந்து டெலிவரி கொடுப்பாய்.

நானும் கொடுத்தேன். மூன்றாம் வகுப்போடு ஊரை விட்டு ஓடி வந்தவனுக்கு வேறென்ன தெரியும்? என் மகள் சமீமாவுக்குக் குர்லாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருந்தான், ஏ.சி. மெக்கானிக். அவளுக்குப் பிடித்துப்போனது அவள் வெங்காயம் நறுக்குகிற வேகத்திலேயே தெரிந்தது. "நீயே தொழுது பாரு மச்சான், உனக்குத்தான் பளிச்சுனு தெரியும்" என்று சோம்பேறித்தனமாகச் சொன்னேன்.

மறுநாள் விடியலில் சுபுஹு தொழுகை முடிந்து டீக்கடை. நீ கிளாசைக் கீழே வைத்தாய்.

"கறுப்புத் தண்ணி மச்சான். பையன் இடுப்பளவு நிக்கான். நம்ம புள்ளையோட செருப்பு மட்டும் மெதக்கு."

"மழையில குர்லா ஸ்டேஷன் அப்டித்தான்டா இருக்கும்."

கடையே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. "கேலி பண்ணாத. நேத்து மத்தியானம் குர்லா பாலத்துல முழிச்சிக்கிட்டு நிக்கும்போதே கண்ணு முன்னால தெரிஞ்சிது. தூக்கத்துலயும் அதே. அப்புறம் உன் இஷ்டம்."

அன்று சாயங்காலமே குர்லாவுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சமீமா அழவில்லை. "மாமா கனவுல கண்டாங்க, சரி. நீங்க முழிச்சிருந்து அந்தப் பையன்கிட்ட என்ன கொறயக் கண்டீங்க வாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

எட்டு மாதம் கழித்து உன் அண்ணன் மகனுக்கு அவளைக் கேட்டு வந்தாய். இந்தத் தடவை கனவில் பச்சைக் கம்பளமாம், மேலே வெள்ளைப் புறாவாம்.

"உன் கனவுக்கு உங்க அண்ணன் வீட்டு அட்ரஸ் நல்லாத் தெரிஞ்சிருக்கே" என்றேன். நீ எழுந்து போய்விட்டாய். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரே காரகானாவில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து தைத்தோம்.

காலம் போன பிறகு நம் பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டேன். கனவு மூன்று வகை என்றார். அல்லாஹ்விடமிருந்து வருகிற நல்ல கனவு, சைத்தானின் பயமுறுத்தல், பகலில் மனசு மென்றதை இரவில் அசைபோடுவது. நல்லதைப் பிரியமானவர்களிடம் சொல்லலாம். கெட்டதைக் கண்டால் இடப்பக்கம் மூன்று தடவை லேசாகத் துப்பி, அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, புரண்டு படுக்க வேண்டும், யாரிடமும் சொல்லக்கூடாது. "முழிப்புல பெரிய பெரிய இறைநேசர்களுக்குத் தெரிஞ்சதே அடுத்தவனுக்குச் சட்டம் ஆவாது. இஸ்திகாராவுக்குக் கனவு வரணும்னே இல்ல. ஒனக்கு யாருப்பா அப்டிச் சொன்னது?" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. மானம் போகும், எனக்கு.

இடப்பக்கம் துப்ப வேண்டியதை என் காதில் துப்பியிருக்கிறாய் மச்சான். அதுவும் நிஜமாகக் கண்டிருந்தால். காணாததைக் கண்டேன் என்றவனிடம் மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளைக் கொடுத்து, ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடச் சொல்வார்களாம். முப்பது வருஷம் தோல் தைத்த கை. போடு, பார்க்கலாம்.

உன் ஜனாஸா தொழுகையில் உன் மகன் முன்னால் வந்து நின்று, "எங்க வாப்பா யார் மனசையாவது நோவடிச்சிருந்தா பொறுத்துக்கிடுங்க" என்றான். சஃப்பு சஃப்பாக வரிசை கட்டி நின்ற அத்தனை பேரும் "பொறுத்தோம்" என்றார்கள். இரண்டாவது சஃப்பில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. ஊரே வாயாடி என்று சொல்கிறவன் வாய்.

நாலாம் நாள் காலை வீட்டில் சமீமாவிடம் பெருமையாகச் சொன்னேன்: "ஒனக்காக நான் அவனப் பொறுக்கல."

அவள் செம்பூர் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "மாமாவ நான் அன்னைக்கே பொறுத்துட்டேன் வாப்பா. அவங்க கனவுதானே சொன்னாங்க. குர்லாவுக்குப் போன் போட்டது நீங்கல்லா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

உன் மேல் உள்ள கோபம் ஒரு நூல்கூடக் குறையவில்லை. ஆனால் முன்போல் அதில் சாய்ந்துகொள்ள முடியவில்லை. இப்போது தாணேயிலிருந்து அவளுக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. "உன் காரியம், நீயே தொழு" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். காலையில் "என்ன கண்டே?" என்று கேட்க நாக்கு துடிக்கிறது. கடித்துக்கொண்டு டீ குடிக்கிறேன்.

ஜனாஸாவில் உனக்குச் சொல்லாத அந்த ஒரு வார்த்தை இன்னும் என் வாயில்தான் கிடக்கிறது மச்சான். அவள் அதை என்னிடம் சொல்லுகிற அன்றைக்கு உனக்கும் சொல்கிறேன். அதுவரைக்கும் கிட.