ஓவர்லாக் நூலில் அளந்த சக்கரம்

நங்கை,

காலையில் கேட் கீலுக்குக் கிரீஸ் வைத்தேன். பனியன் வேஸ்ட்டில் ஒரு உருண்டை எடுத்து அப்பியதும் அந்த வாடை மூக்கில் ஏறியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வாடையை மட்டும் குறை சொல்ல முடியாது. முட்டி போய்விட்டது. உங்கள் காரியம் முடிந்ததிலிருந்து உடம்பில் ஒரு சலிப்பு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. கையைக் கழுவக்கூட எழுந்திருக்கத் தோன்றவில்லை. இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நம் வாசலில் இதே வாடைதான். எண்பதுகளின் கடைசி. என் சின்னண்ணன் போய் இன்னும் வருசம் திரும்பவில்லை. அவர் விட்டுப் போனது பின்கட்டில் நான்கைந்து தையல் மிசின், ஒரு பழைய அம்பாசிடர், பிறகு நாம் இரண்டு பேர். அவர் கட்டிக்கொண்டு வந்த என் நங்கை நீங்கள், கல்யாணமாகாமல் வீட்டில் இருந்த தங்கச்சி நான். நிட்டிங்கில் துணி எடுப்பது, சாயப்பட்டறைக்குக் கொண்டுபோவது, தைத்த பனியனைக் கம்பெனியில் சேர்ப்பது எல்லாம் அந்தக் காரில்தான். டிக்கி வழியத் துணி உருளையை அடைத்துக்கொண்டு நீங்கள் ஓட்டிப் போனால் அவிநாசி ரோடே நின்று பார்க்கும். சேலை கட்டியவள் கார் ஓட்டுவது அன்றைக்கு அவர்களுக்குச் சர்க்கஸ் மாதிரி. உங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "பாக்கட்டும் அம்மிணி, காசா பணமா?" என்பீர்கள்.

வினை காங்கேயத்தில் வந்தது. ஒரு விசேசத்துக்குப் போய்த் திரும்பும்போது நீங்கள் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்ப, கார் தன் பாட்டுக்கு வேறு பக்கம் போய், எண்ணெய் மில் வாசலில் குவித்திருந்த தேங்காய்த் தொட்டிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாம் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்துவிட்டது. சாயங்காலமே பெரியண்ணன் வந்து வாசலில் நின்றார்.

அவர் உங்களோடு நேருக்கு நேர் பேசமாட்டார். தம்பி பெண்டாட்டியிடம் மூத்தவர் அப்படிப் பேசுவது நம் வீட்டில் வழக்கமில்லை. நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம், நடுவில் தபால்காரியாக நான்.

"உன்ற நங்கைகிட்டச் சொல்லு அம்மிணி. நாளைக்கு ஆளு மேல ஏத்துனா ஆரு பதில் சொல்றது? திங்கக்கெழம வந்து சாவிய வாங்கிக்கறேன். பொம்பளைக்கு இந்தச் சோலி வேண்டாம்."

கெட்டவர் இல்லை. பயந்தவர். ஆனால் கார் போனால் துணி வராது, துணி வராவிட்டால் மிசின் நிற்கும். அப்புறம் நீங்கள் உங்கள் அப்பன் வீட்டுக்கு, நான் பெரியண்ணன் வீட்டு அடுப்படிக்கு. அன்று ராத்திரி நமக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நீங்கள் காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டினீர்கள். அது தொளதொளவென்று ஆடியது. கீழே சக்கரம் அசையக் காணோம்.

"அட கெரகமே! டை ராடு எண்டு தேஞ்சு போச்சு அம்மிணி. உங்கண்ணன் இருந்தா அன்னைக்கே மாத்தீருப்பாரு."

ஸ்டியரிங் திருப்பினால் சக்கரத்தைத் தள்ளிவிடும் தடிக்கு முனையில் ஒரு குண்டு மூட்டு உண்டே, அதுதான். அண்ணன் இதையெல்லாம் வாசலிலேயே கழற்றி மாட்டுவார், நீங்கள் பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பீர்கள். ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் மெக்கானிக்கே பெரியண்ணனிடம் போய் வத்தி வைத்துவிடுவான். அதனால் யாருக்கும் தெரியாமல் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு ஜோடி எண்டை மஞ்சப்பையில் போட்டு மேலே கத்திரிக்காய் வைத்து வாங்கி வந்தீர்கள். நீங்கள் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கத்திரிக்காய்தான்.

ஞாயிற்றுக்கிழமை தையலுக்கு லீவு. பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்னால் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். துருவேறிய நட்டு மண்ணெண்ணெய் குடித்ததே தவிர அசையவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீங்கள் சுத்தியலால் அடித்த அடி பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியைச் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்தியது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"காருக்குக் காது குத்தறமுங்க. மொய்யி வாங்குவமுங்க, வந்துருங்க."

அங்கேதான் தப்பு நடந்தது. பழைய எண்டு எத்தனை சுற்றில் கழன்று வருகிறதோ, புதியதை அத்தனை சுற்றில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் சக்கரம் நேராக நிற்கும். எண்ணிக்கொண்டிருந்த நீங்கள் அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னதில் கணக்கை விட்டுவிட்டீர்கள். சரி, அளந்து பார்க்கலாம் என்றால் டேப் இல்லை. அது எந்நேரமும் நம் கட்டிங் மாஸ்டர் கழுத்தில் கிடக்கும், அவர் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார். கைக்குக் கிடைத்தது ஓவர்லாக் நூல் கோன். இரண்டு முன்சக்கரங்களுக்கும் இடையே முன்பக்கம் நூலை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டோம். அதே நூலைப் பின்பக்கம் வைத்துப் பார்த்தோம். கச்சிதமாக இருந்தது. இருக்காதா பின்னே? இழுத்தால் நீளுகிற நூல்! பனியன் நீள வேண்டும் என்பதற்காகவே அந்த நூலைப் போட்டுத் தைக்கிறோம், பொழுதுக்கும் அதைத்தான் கையில் பிடிக்கிறோம். இருந்தும் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. திருப்பூர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. முடித்தபோது இருட்டிவிட்டது, ஓட்டிப் பார்க்க முடியவில்லை.

பெரியண்ணன் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றார். கதவுக்குப் பின்னாலிருந்து நீங்கள் சொன்னீர்கள்:

"ஒரு தடவ வண்டீல ஏறிப் பாக்கச் சொல்லு அம்மிணி. அவிநாசிக் கோயில் வரைக்கும். கோணலாப் போச்சுன்னா சாவி அவருக்கு."

அவர் உங்கள் பக்கத்தில் உட்காரக் கூடாதே, அதனால் பின்சீட்டில் ஏறினார். முன்னால் நானும் நீங்களும். சந்து தாண்டி ரோட்டில் ஏறியதும் கார் இடப்பக்கம் இழுத்தது, மேய்ச்சல் கண்ட மாடு மாதிரி. நீங்கள் வாயசைக்காமல் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. "நூலு நீண்டுருச்சு அம்மிணி."

நீங்கள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், போகும் வழியெல்லாம் அந்த இழுப்போடு மல்லுக்கட்டினீர்கள். முன்கையில் நரம்பு புடைத்திருந்தது. ஸ்டியரிங் கடகடத்தால் அவர் காதில் விழுமென்று இன்னும் அழுத்திப் பிடித்தீர்கள். பின்னால் இருந்தவருக்கு உங்கள் முக்காடுதான் தெரிந்தது. மரியாதை என்று எவனோ வைத்த வழக்கம் அன்றைக்கு நம் பக்கம் நின்றது. அவர் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்தார். திரும்பும்போது பாதி வழியில் பின்சீட்டிலிருந்து குறட்டை கேட்டது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் நின்றது.

வீட்டு வாசலில் அவர் துண்டை உதறிக்கொண்டு இறங்கினார்.

"வண்டி இங்கயே இருக்கட்டும்னு சொல்லு. ஆனா ஒரு டிரைவரப் போட்டுக்கச் சொல்லு."

"போட்டாச்சுன்னு சொல்லு அம்மிணி."

"ஆரு?"

நீங்கள் என்னைக் கை காட்டினீர்கள். "ரெண்டுக்கும் லொள்ளப் பாரு!" என்று போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் சோற்றைப் பிசைய உங்களுக்குக் கை வரவில்லை. கரண்டியில் சாப்பிட்டீர்கள். சாயங்காலம் மாஸ்டரின் டேப்பை வாங்கி அளந்து சக்கரத்தைச் சரி செய்தோம்.

விளையாட்டாகச் சொன்னது விதியாகிவிட்டது நங்கை. தொண்ணூறுகளில் நம் மிசின்கள் பெருகியபோது வேன் ஓட்டினேன். கட்டிக்கொண்டு போன இடத்திலும் ஓட்டினேன். பிரசவம், ஆஸ்பத்திரி, கல்யாணம், கருமாதி, எதற்கும் "அத்தையக் கூப்புடு" தான். அலுத்துவிட்டது. யாராவது என்னை உட்கார வைத்து ஓட்டமாட்டார்களா என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அப்படி உட்கார வைத்து ஓட்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்களைக் கொண்டுபோன அன்றும் நான்தான் ஓட்டினேன். ஆண்பிள்ளைகளெல்லாம் உங்களோடு வேனில் ஏறிக்கொண்டார்கள். நடக்க முடியாத பெரியண்ணனை என் காரில் ஏற்றினேன். சுடுகாட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே இருந்தேன். பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லையே. கதவைத் திறக்க வந்தவனும் அதையே சொன்னான், "அத்த, நீங்க வண்டீலயே இருங்க." பெரியண்ணன் இறங்கவில்லை.

"என்னயக் கூட்டியாந்தவ இவ. இவ வராம நான் எறங்க மாட்டேன். கையப் புடி அம்மிணி."

பிடித்தேன். யாரும் தடுக்கவில்லை. ஆண்களுக்கு நடுவே நடந்து உங்கள் கால்மாட்டில் போய் நின்றோம். அழக்கூட எனக்குத் தெம்பில்லை. அவர் முழுப்பாரமும் என் தோளில் கிடந்தது. தலையைத் தூக்கி, என் பக்கம் திரும்பாமல், "சொல்லு" என்று எனக்குச் சொல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக உங்களைப் பார்த்து நேராகவே பேசினார்.

"நல்லாத்தான் ஓட்டுனீங்க."

உங்களுக்குக் கேட்டிருக்காது. அன்றிலிருந்து அதை நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். எப்போதும் நான்தானே வந்து சொல்வேன். இதோ சொல்லிவிட்டேன் நங்கை.