இந்தியாவுக்குப் போகும் பாடம்

1961 மே 8, நுவரெலியா

வகுப்பு இன்று தொடங்கியது. ஆசிரியப் பயிற்சிக்காகத் திருச்சியில் ஒரு தவணை படிக்கப் போகிற எங்களுக்கு, வெளிநாட்டில் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு வாரம் சொல்லித் தருகிறார்கள். வெளிநாடு என்றால் இந்தியா! பிறந்ததிலிருந்து தேயிலைத் தோட்டத்து ஆட்களான எங்களை இந்தியாக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்த றுக்கையா, "ஒனக்கு எதுக்கு இந்தப் பாடம்? ஒங்க ஊருதானே?" என்றாள். சிரித்துவிட்டேன். என்னைப்போல அவளும் கந்தப்பளைதான். அவள் வாப்பாவுக்கு அங்கே கடை.

மே 9

பாடம் எடுக்கும் அம்மையார் மதராஸ்காரர். "தோட்டத்து வீட்டு வரிசைய லயம்னும், காலையில ஆள் கணக்கெடுக்கிறதப் பெரட்டுன்னும் சொன்னா அங்க யாருக்கும் புரியாது" என்றார். அப்புறம், "அங்க உங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

"அப்பா இருக்காரு" என்றேன்.

"அப்ப என்ன கவலை!"

பெரியப்பா சாவுக்கென்று துறையூர்ப் பக்கம் போன அப்பா ஏழு வருடமாக வரவில்லை. திரும்பி வர இலங்கை அரசு அனுமதி கொடுக்கவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஆள் இங்கே இல்லை என்று அவர் பெயரைத் தள்ளிவிட்டார்கள். கொஞ்ச காலமாகக் கடிதமும் இல்லை.

மே 11

காலையில் வகுப்புக்குப் போகும் பாதையெங்கும் பனிமூட்டம். சின்ன வயதில் இதே பாதையில்தான் அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தைக்கு வருவார். "மேகத்துக்குள்ள நடக்கிறோம் பாரு தாயி" என்பார். தேயிலை ஸ்டோரில், கொழுந்தை வறுக்கும் ஆலையில், அவருக்கு வேலை. அவர் தலைமுடியில்கூட வறுத்த தேயிலை வாசம் அடிக்கும். குனிந்து குனிந்து மோந்து பார்ப்பேன். இன்று வகுப்பில் என்ன சொன்னார்கள் என்றே நினைவில்லை.

மே 14, கந்தப்பளை

வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா கேட்டாள்: "அவரத் தேடிப் போவியா?"

"போகாம?"

"வேணாம் புள்ள. அங்க வேற குடும்பம் இருந்தா? தெரியாமயே இருந்துட்டுப் போறேன்."

அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இத்தனை நாளும் இதைத்தான் நினைத்துக்கொண்டு கொழுந்து பறித்தாளா?

ஜூன் 4

தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். றுக்கையா அழுதாள். நான் அழவில்லை.

ஜூலை 16

அப்பாவைப் பார்த்துவிட்டேன்.

பழைய கடிதத்தில் இருந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அப்பா பெயரைச் சொல்லி, சோலைமலை வீடு எது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கிணற்றடியில் ஒரு பெண் குடத்தை இறக்கிவிட்டு, "சிலோன்லருந்து வந்தவரா? கண்டிக்காரர் வீடுன்னு கேளு" என்றாள். மலைநாடு முழுக்க இவர்களுக்குக் கண்டிதான். அங்கே இந்தியாக்காரர், இங்கே கண்டிக்காரர் — அப்பாவின் பெயர் எங்கேதான் போயிற்று?

குடிசைக்கு வெளியே சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டி, ஒரு தட்டு. வேறு யாரும் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். தலை முழுக்க நரை. என்னை அடையாளம் தெரியவில்லை.

"அப்பா, நான்தான் வடிவு."

சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஏன் கடிதாசி போடல? கத்தியே கேட்டுவிட்டேன்.

"என்னான்னு எழுதுறது தாயி? வர்றேன்னு எழுத முடியல. இங்க வாங்கன்னு எழுத மனசு வரல. ஒங்கம்மா இந்த வெயில தாங்க மாட்டா."

அழுதுவிட்டேன். சாப்பிட்டு முடித்தபின் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கந்தப்பளையில இப்ப மழையா?"

1962 பெப்ரவரி 12, கந்தப்பளை

நேற்று நானுஓயாவில் அம்மாவை ரயிலேற்றினேன்.

நான் திருச்சியிலிருந்து வந்து சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பொங்கல் கழித்து ஒருநாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அவரால வர முடியாது. என்னால போக முடியும்ல?" என்றாள்.

"அப்ப நானு?"

"ஒனக்கு இங்க பள்ளிக்கூட வேலை இருக்கு புள்ள."

ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக, "நேரத்துக்குச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள். புதுச் சேலையில் கல்யாணப் பெண்போல இருந்தாள்.

இன்று தோட்டத்துக் கங்காணி எங்கள் லயத்து அறை வாசலில் வந்து நின்று, "ஒங்கம்மா பேருல இருந்த இந்தக் காம்பராவ இனி யாருக்குக் குடுக்கிறது?" என்றார்.

"நான் இருக்கேங்க" என்றேன்.